நாரும் மையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் இருந்துகொண்டு நாரில் சிற்பமும், தகட்டில் மை பூசித் தாளில் கையால் எடுக்கும் அச்சோவியமும் செய்கிறேன். பட்டறைக்கு வருகிற மாணவர்கள், வேலையை வாங்க நினைப்பவர்கள், கண்காட்சியில் நின்று பார்த்துவிட்டுப் பேச்சுக் கொடுப்பவர்கள் எல்லாரும் ஏறக்குறைய இதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்தால் உதவும் என்று தோன்றியது.

நார்ச் சிற்பம் என்றால் என்ன?

நாரைத் திரித்து, முடிந்து, பின்னி, நிற்கிற அல்லது தொங்குகிற ஓர் உருவமாகச் செய்வது. துணிக்கு நீளமும் அகலமும் உண்டு. இதற்கு உள்ளும் புறமும் சேர்ந்து உண்டு. சுற்றி நடந்து பார்க்கலாம், சிலவற்றுக்குள் தலையை நுழைத்தும் பார்க்கலாம். கல்லில் வேலை செய்பவர் வேண்டாததைக் கழித்துக்கொண்டே போவார். நான் கூட்டிக்கொண்டே போகிறேன். ஒரு பிடி நாரிலிருந்து ஒரு புரி, இரண்டு மூன்று புரி சேர்ந்து ஒரு கயிறு, கயிற்றில் முதல் முடிச்சு, அதன்மேல் அடுத்த முடிச்சு. பெரிய வேலைகள் ஆள் உயரத்தைத் தாண்டும். சிறியவை மடியில் வைத்தே முடித்துவிடக்கூடியவை.

இது கைவினைதானே, கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

கைவினை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவதில்லை. அந்தக் கையிலிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன். வித்தியாசம் ஒன்றுதான். உறி கட்டுகிறவருக்கு அதில் வைக்கப்போகும் சட்டி எவ்வளவு பெரியது என்று முன்கூட்டியே தெரியும். நான் கட்டும்போது அது எதைத் தாங்கப்போகிறது என்று எனக்குத் தெரியாது. கட்டி முடிக்கும்போதுதான் தெரியவரும், சில சமயம் அப்போதும் தெரியாது.

நாரைச் சிற்பமாக எடுத்துக்கொண்டவர்கள் உலகத்தில் நிறையப் பேர். போலந்தின் மக்தலேனா அபகனோவிச் 1960களில் சைசல் என்ற கற்றாழை நாரில் கூரையிலிருந்து தொங்கும் பிரம்மாண்டமான உருவங்களை நெய்தார். சுவரில் ஒட்டிக் கிடந்த நெசவை அறையின் நடுவுக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். நம் நாட்டில் மிருணாளினி முகர்ஜி. 1949இல் பம்பாயில் பிறந்தவர், பரோடாவில் ஓவியர் கே.ஜி. சுப்ரமணியனிடம் படித்தவர். சாயமேற்றிய சணல் கயிற்றில் தறியே இல்லாமல் முடிச்சு முடிச்சாகப் போட்டு யட்சி, வனஸ்ரீ என்று பெயர் வைத்த உருவங்களைச் செய்தார். தெய்வமும் செடியும் உடம்பும் ஒன்றாகக் கலந்து நிற்கும். 2015இல் காலமானார். 2019இல் நியூயார்க்கின் மெட் பிராயர் அருங்காட்சியகத்தில் அவருடைய பெரிய கண்காட்சி நடந்த பிறகுதான் அவரை உலகமே திரும்பிப் பார்த்தது. அவர் உயிரோடு இருக்கும்போதே அது நடந்திருக்கவேண்டும். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கனக்கும். நார் என்பதால்தான் இந்தத் தாமதம். இதே உருவங்களை அவர் முதலிலேயே வெண்கலத்தில் வார்த்திருந்தால் இவ்வளவு காலம் ஆகியிருக்காது.

என்ன நார் பயன்படுத்துகிறீர்கள்? எங்கே கிடைக்கிறது?

மதுரையைச் சுற்றி நாருக்குப் பஞ்சமே இல்லை. சோழவந்தான், மேலக்கால் பக்கம் வைகையை ஒட்டி வாழையும் தென்னையும்தான். வாழை ஒரு தடவைதான் குலை தள்ளும். தார் வெட்டியதும் மரத்தைச் சாய்த்துவிடுவார்கள். சாய்த்த மரத்தின் மட்டைகளை ஒவ்வொன்றாக உரித்து, பலகையில் விரித்து, மழுங்கின கத்தியால் சதையை வழித்தால் நார் மட்டும் மிஞ்சும். இப்போது இதற்கு இயந்திரம் இருக்கிறது. மேலக்காலைச் சேர்ந்த பி.எம். முருகேசன் சைக்கிள் சக்கரத்தை வைத்து வாழைநார்க் கயிறு திரிக்கும் இயந்திரத்தை உருவாக்கியவர். 2021இல் பிரதமரின் வானொலி உரையில்கூட அவரைப் பற்றிப் பேசினார்கள். கையால் வழித்த நாருக்கும் இயந்திர நாருக்கும் வித்தியாசம் உண்டு. கை நாரில் கொஞ்சம் சதை ஒட்டியிருக்கும், அதனால் ஒரு விறைப்பு இருக்கும். எனக்கு அந்த விறைப்பு வேண்டும்.

ஒரே மரத்தில் பல நார் கிடைக்கும் என்பது பலருக்குத் தெரியாது. வெளிமட்டை நார் முரடு, பழுப்பு நிறம். உள்ளே போகப்போக மெலிந்து வெளிறும். நடுத்தண்டை நெருங்கும் மட்டையில் மினுமினுப்பே வந்துவிடும். ஒரு சிற்பத்தின் அடியிலிருந்து உச்சிவரை நிறம் மாறிக்கொண்டே போவதைப் பார்த்து என்ன சாயம் என்று கேட்பார்கள். பெரும்பாலும் சாயமே இல்லை. வெளிமட்டையில் தொடங்கி உள்மட்டையில் முடித்திருப்பேன், அவ்வளவுதான்.

பூக்கட்டும் நாரும் இதுவும் ஒன்றில்லை. மல்லிகைப்பூ கட்டுகிறவர்கள் வைத்திருப்பது காய்ந்த மட்டையைக் கிழித்த பட்டை. தண்ணீரில் ஊறப்போட்டு, பதம் வந்ததும் நகத்தால் கீறி வேண்டிய அகலத்துக்கு இழுத்துக்கொள்வார்கள். சதை நீக்காத பட்டை என்பதால் பூவின் காம்பை அறுக்காது. நூலில் கட்டினால் அறுக்கும். எந்த முடிச்சுக்கு எந்த நார் என்று இவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரிய நிறைய காலம் ஆனது.

தென்னை நார் சிங்கம்புணரி பக்கத்திலிருந்து வாங்குவேன். கனமான வேலைகளுக்கு அதுதான். தென்னை நாரில் லிக்னின் என்ற, விறைப்பு தரும் பொருள் 40 சதவீதத்துக்கு மேல். அதனால்தான் அது பழுப்பாக, விறைப்பாக இருக்கிறது, ஈரத்திலும் சீக்கிரம் மக்குவதில்லை. வாழைநாரில் லிக்னின் மிகக் குறைவு. மென்மையாக வளையும், ஈரம் பட்டால் சீக்கிரம் பூசணம் பிடிக்கும். பனைமட்டையிலிருந்து உரிக்கும் பனைநார் ராமநாதபுரம் பக்கம். கட்டில் பின்ன எடுக்கும் அதே நார்தான். தண்டவாளத்து ஓரம் வளர்கிற ரயில் கற்றாழையின் நாரும் எனக்குப் பிடிக்கும். வெள்ளையாக, நீளமாக இருக்கும். ஆனால் அதன் சாறு கையில் பட்டால் அரிப்பெடுத்துவிடும், எண்ணெய் தடவிக்கொண்டுதான் உரிக்கவேண்டும்.

தறி இல்லாமல் எப்படிச் செய்கிறீர்கள்?

முதலில் நாரை நனைத்துத் தொடையில் வைத்துத் திரிப்பேன். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்கி, புரிகளை ஒன்றுசேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்கவேண்டும். ஒவ்வொரு புரியும் பிரிந்துபோகத்தான் பார்க்கும். அந்தப் பிரிகிற விசைதான் மற்ற புரியை இறுக்கிப் பிடிக்கிறது. கயிறு என்பதே இரண்டு எதிரெதிர் இழுப்புகள் சமாதானமாகிப்போன இடம். தேர் வடமானாலும் மூக்கணாங்கயிறானாலும் இதே கதைதான்.

கயிறு தயாரானதும் உத்தரத்திலிருந்து ஒரு இரும்பு வளையத்தைத் தொங்கவிட்டு, அதில் கயிறுகளைக் கட்டி, கீழ்நோக்கி முடிச்சுப் போட்டுக்கொண்டே வருவேன். மேசையில் கிடத்தி வைத்துச் செய்வதில்லை. தொங்கப்போகிற பொருள் தொங்கிக்கொண்டேதான் வளரவேண்டும். முதல் சாண் முடிந்தபோது அதன் எடை ஒரு விதமாக இழுக்கும், இடுப்பளவுக்கு வரும்போது வேறு விதமாக இழுக்கும். மேலே போட்ட முடிச்சுகள் இறுகும், துளைகள் நீளும், பக்கவாட்டில் ஒரு மடிப்பு விழும். நான் திட்டமிடாத அந்த மடிப்பைப் பார்த்து, அதைத் தொடர்வதா திருப்புவதா என்று முடிவெடுப்பதுதான் இந்த வேலையின் சுவாரசியமான பகுதி. காகிதத்தில் வரைந்துகொண்டு தொடங்குகிறீர்களா என்று கேட்பார்கள். வரைவேன். ஆனால் இடுப்பளவு தாண்டிய பிறகு அந்தப் படத்தை எடுத்துப் பார்ப்பதில்லை.

ஒரு பெரிய வேலை முடிய மாதக்கணக்கில் ஆகும். ஆடி, ஆவணியில் காற்றும் வெயிலும் இருப்பதால் நார் நன்றாகக் காயும். ஐப்பசி மழையில் புது நார் எடுப்பதே இல்லை.

உங்களை அதிகம் பாதித்தவர்கள் யார்?

மனிதர்களுக்கு முன்னால் பொருள்களைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பத்தா வீட்டு அடுப்படியில் உறி தொங்கும். ஒரே முடிச்சில் தொடங்கி, நான்காகப் பிரிந்து, சட்டியின் வயிற்றைச் சுற்றி வந்து, அடியில் மறுபடியும் ஒன்றாகும். சட்டியை எடுத்துவிட்டாலும் அந்த வடிவம் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். தண்ணீர்ப் பானைக்கு அடியில் வைக்கோல் பிரிமணை, தலைச்சுமைக்குச் சும்மாடு, பிள்ளைக்குத் தூளி. இவற்றையெல்லாம் யாரும் சிற்பம் என்று சொல்லமாட்டார்கள். ஆனால் எடையை எப்படித் தாங்குவது, வெற்றிடத்தை எப்படிப் பிடித்து வைப்பது என்பதற்கு இவற்றைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்புறம் சித்திரைத் தேர். மாசி வீதிகளில் தேர் வரும்போது எல்லாரும் அம்மனையும் சுவாமியையும் பார்க்க, நான் தொம்பையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். துணியை வெட்டி ஒட்டித் தைத்து உருளையாகத் தொங்கவிட்ட அலங்காரம். தேர் அசையும்போது ஒரு நொடி தாமதித்து அதுவும் அசையும். கல்லும் மரமும் அசையாது. துணியும் நாரும் அசையும். அந்த ஒரு நொடித் தாமதத்தை என் வேலைக்குள் கொண்டுவர இன்னும் முயன்றுகொண்டிருக்கிறேன். தேர் நிலைக்கு வந்த பிறகு வடத்தைத் தொட்டுப் பாருங்கள். அத்தனை உள்ளங்கைகள் பட்டு, முரட்டு நாரும் வழவழப்பாகியிருக்கும்.

இந்த மண்ணில் நாருக்கும் நூலுக்கும் வயது அதிகம். மதுரைக்குப் பக்கத்தில் கீழடியில் நூல் நூற்கும் தக்களிகளும், நெசவுக்குப் பயன்பட்டதாகக் கருதப்படும் எலும்புக் கருவிகளும் கிடைத்திருக்கின்றன. 2023இல் திறந்த அருங்காட்சியகத்தில் தக்களிகளைப் பார்க்கலாம். கையில் அடங்கும் அளவுதான். நான் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவதுண்டு.

மனிதர்களில் மிருணாளினி முகர்ஜியை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். அச்சு பக்கத்தில் ஜரினா ஹாஷ்மி. 1937இல் அலிகரில் பிறந்தவர், மரச்செதுக்கு அச்சில் வீட்டையும் வீடு இழந்ததையும் மெல்லிய கோடுகளில் சொன்னவர், காகிதக்கூழில் சிற்பமும் வார்த்தவர். சோம்நாத் ஹோர் 1970களில் வெள்ளைக் காகிதக்கூழில் காயங்களை மட்டும் பதித்த அச்சுகளைச் செய்தார். அதில் நிறமே பெரிதாக இல்லை, கீறலும் வீக்கமும்தான். நம் பக்கத்துக்காரர் என்றால் தேவகோட்டையில் பிறந்த ஆர்.எம். பழனியப்பன். செட்டிநாட்டுப் பக்கத்திலிருந்து போய் அச்சோவியத்தை வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்குப் பெரிய தைரியம் வந்தது.

சிற்பம் செய்கிறவர் ஏன் அச்சும் செய்யவேண்டும்?

எனக்கு இவை இரண்டு வேலை இல்லை. சுங்குடியை வைத்துச் சொன்னால் எளிதில் புரியும்.

மதுரைச் சுங்குடி சேலை எல்லாருக்கும் தெரியும். சௌராஷ்டிர சமூகத்தார் தலைமுறை தலைமுறையாகச் செய்துவரும் கட்டுச்சாய வேலை, 2005இல் புவிசார் குறியீடு பெற்றது. முடிந்த சேலையைத்தான் நாம் பார்க்கிறோம். சாயத்துக்குப் போவதற்கு முன்னால் அது எப்படியிருக்கும் என்று பார்த்தவர்கள் குறைவு. துணியைச் சிறு சிறு இடமாக நகநுனியில் கிள்ளியெடுத்து, நூலைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டே போவார்கள். கட்டி முடித்த துணி தட்டையாக இருக்காது. சுருங்கி, மேலெல்லாம் முள் முளைத்து, கையில் எடுத்தால் கனமாக இருக்கும். அந்த நிலையில் அது ஒரு சிற்பம். சாயத்தில் முக்கி எடுத்து, காயவைத்து, இரண்டு முனையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் நூலெல்லாம் தெறித்து விழும். துணி விரியும். முடிச்சு இருந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு வெள்ளைப் பொட்டு. அந்த நிலையில் அது ஓர் அச்சு. முடிச்சு போய்விட்டது, முடிச்சின் தடம் மிஞ்சியிருக்கிறது.

நான் சுங்குடி செய்வதில்லை, அது அவர்களுடைய தொழில், அவர்களுடைய அறிவு. ஆனால் முடிச்சும் தடமும் ஒரே செயலின் இரண்டு பக்கம் என்று எனக்குக் காட்டியது அந்தத் துணிதான். இப்போது கடைகளில் சுங்குடி என்று கிடைப்பதில் பெரும்பகுதி மெழுகுக் கட்டை அச்சு. அதுவும் நல்ல வேலைதான். ஆனால் கையால் முடிந்த சேலை கிடைத்தால் கொஞ்சம் கூடுதல் கொடுத்து வாங்குங்கள். முடிபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

இந்த எண்ணம் எனக்கு மட்டும் வந்ததில்லை. ஜெர்மனியில் பிறந்த நெசவாளர் ஆனி ஆல்பர்ஸ் 1949இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் தனிக்கண்காட்சி நடத்தியவர், அங்கே அப்படி ஒரு வாய்ப்பு பெற்ற முதல் நெசவுக் கலைஞர். 1963இல் கணவரோடு அமெரிக்காவின் டாமரிண்ட் லித்தோ (கல்லச்சு) பட்டறைக்குப் போனவர், அங்கே தானும் அச்சு செய்து பார்த்தார். கல்லில் அவர் வரைந்தது பின்னிப் பிணைந்த கயிறுகளைத்தான். பிற்காலத்தில் தறியையே விட்டுவிட்டு அச்சோடு இருந்துவிட்டார். நூலைத் தொட்டுப் பழகிய கைக்கு அச்சில் ஒரு வீடு இருக்கிறது.

நாரை எப்படி அச்சாக மாற்றுகிறீர்கள்?

பெரும்பாலும் மென்பூச்சு எட்சிங், அதாவது தகட்டை அரித்து அச்செடுக்கும் முறை. செப்புத் தகட்டில் மெழுகும் கொழுப்பும் கலந்த, காய்ந்தாலும் இறுகாத ஒரு பூச்சைத் தடவுவேன். அதன்மேல் முடிச்சுப் போட்ட நாரை விரித்து, தாள் வைத்து மூடி, பிரஸ்ஸில் ஒரு தடவை ஓட்டி எடுத்தால், நார் பட்ட இடத்தில் பூச்சு ஒட்டிக்கொண்டு வந்துவிடும். கயிற்றின் முறுக்கு, ஓரத்தில் பிசிறிய ஒற்றை இழைவரை தகட்டில் பதிந்துவிடும். பிறகு தகட்டைப் பெர்ரிக் குளோரைடு கரைசலில் போட்டால் பூச்சு போன இடத்தில் செம்பு அரிக்கும். எவ்வளவு நேரம் விடுகிறோமோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. நைட்ரிக் அமிலத்தை நான் தொடுவதில்லை. அதன் புகை நுரையீரலுக்கு ஆகாது, வீட்டோடு ஒட்டிய பட்டறையில் அது வேண்டாம்.

அரித்த தகட்டில் மை பூசி, கஞ்சி மொடமொடப்புள்ள மஸ்லின் துணியால் வட்டமாகத் துடைப்பேன். மேற்பரப்பு மை போய், பள்ளத்தில் மட்டும் மை நிற்கும். தாளை முன்கூட்டியே நனைத்து ஒற்றியெடுத்து வைத்திருக்கவேண்டும். உலர்ந்த தாள் பள்ளத்துக்குள் இறங்காது. மதுரை வெயிலில் மை இளகிக் கோடுகளை விட்டு வெளியே வழியப் பார்க்கும். மக்னீசியம் கார்பனேட் பொடி கொஞ்சம் சேர்த்தால் இறுகும். சித்திரை, வைகாசியில் அச்சு வேலையை விடியற்காலையிலேயே முடித்துவிடுவேன்.

சிற்பத்தில் மிஞ்சும் நாரையும் வீணாக்குவதில்லை. துண்டு துண்டாக வெட்டி, சோடா போட்டு வேகவைத்து, அலசி, இடித்துக் கூழாக்கித் தாள் செய்வேன். எந்த மரத்து நாரில் சிற்பம் செய்தேனோ அதே நாரில் செய்த தாளில் அந்தச் சிற்பத்தின் முடிச்சை அச்சடித்திருக்கிறேன். அந்தத் தாள்கள் எனக்கு மிகவும் நெருக்கமானவை, பெரும்பாலும் விற்பதில்லை.

பிரிண்ட் என்றால் ஜெராக்ஸ் மாதிரிதானே? பென்சிலில் 3/12 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

ஏற்கெனவே இருக்கும் ஓர் ஓவியத்தைப் படமெடுத்து நகலெடுப்பது வேறு. அச்சோவியத்துக்கு முன்னால் மூலம் என்று ஒன்று கிடையாது. தகட்டைப் பார்த்தால் படம் தெரியாது, அது இடவலம் மாறிய ஒரு கருவி. தாளில் வருவதுதான் மூலம். ஒவ்வொரு தாளுக்கும் புதிதாக மை பூசி, புதிதாகத் துடைத்து, கையால் எடுக்கிறோம். 12 என்பது மொத்தம் எத்தனை எடுத்தோம் என்பது, 3 என்பது இந்தத் தாளின் வரிசை எண். ஏ.பி. என்று எழுதியிருந்தால் கலைஞர் தனக்கென்று வைத்துக்கொண்ட பிரதி. 12 எடுத்த பிறகு தகட்டின் குறுக்கே கோடு போட்டுவிடுவேன், அதிலிருந்து இனி யாரும் எடுக்கமுடியாது. வாங்குகிறவருக்குக் கொடுக்கும் வாக்கு அது.

அச்சு நமக்கு அந்நியமான விஷயமும் இல்லை. சிவகாசிக் காலண்டரும் தீப்பெட்டிப் படமும் பார்த்து வளராதவர் இந்தப் பக்கத்தில் யார்? நல்ல சிவப்பு எப்படியிருக்கவேண்டும் என்று என் கண்ணைப் பழக்கியது அந்தத் தீப்பெட்டிப் படங்கள்தான்.

சாயம் போடுவீர்களா?

குறைவாக. கறுப்புக்கு இரும்புத் துருவையும் வெல்லத்தையும் தண்ணீரில் புளிக்கவைத்து, கடுக்காயில் நனைத்த நாரில் ஏற்றுவேன். கலம்காரித் துணியில் கறுப்பு வருவதும் இப்படித்தான். இரும்பு அதிகமானால் நாளாக ஆக நாரைத் தின்றுவிடும், அளவு முக்கியம். நீலத்துக்கு அவுரி. மஞ்சள் அழகாகத்தான் பிடிக்கும், வெயிலில் நிற்காது, அதனால் விட்டுவிட்டேன்.

வீட்டுக்குள் கயிறு தொங்கக்கூடாது என்கிறார்களே?

வாங்க ஆசைப்பட்டு, வீட்டுப் பெரியவர்கள் சொன்னதால் தயங்குகிறவர்கள் இதைக் கேட்கிறார்கள். அந்தப் பயத்துக்குப் பின்னால் சில வீடுகளில் உண்மையான துயரம் இருக்கிறது. அங்கே நான் வற்புறுத்தமாட்டேன், தரையில் நிற்கும் வேலை ஒன்றைக் காட்டுவேன். மற்றபடி நம் வீடுகளில் பிள்ளை தூங்கிய தூளியும், தயிர்ச்சட்டி இருந்த உறியும், முற்றத்து ஊஞ்சலும் கயிற்றில்தான் தொங்கின. பெரியவர்களிடம் இதைச் சொல்லி, அவர்களையே பட்டறைக்குக் கூட்டி வாருங்கள். பெரும்பாலும் அவர்கள்தான் அதிகநேரம் நின்று பார்க்கிறார்கள், இந்த முடிச்சு எங்கள் வீட்டில் போடுவோம் என்று செய்தும் காட்டுவார்கள்.

இதில் பிழைக்க முடிகிறதா?

முடிகிறது, நார்ச் சிற்பத்தை மட்டும் நம்பினால் முடியாது. பெரிய சிற்பத்தை வாங்குவதற்கு இடமும் பணமும் உள்ளவர்கள் குறைவு. எப்போதாவது ஒரு ஓட்டலோ அலுவலகக் கட்டடமோ கேட்கும். அச்சோவியம் அப்படியில்லை. ஒரே தகட்டில் பல பிரதி எடுப்பதால் ஒன்றின் விலை குறையும், ஆசிரியராக இருக்கிற ஒருவர்கூடச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கமுடியும். என் வீட்டுச் செலவைப் பெரும்பாலும் நடத்துவது அச்சுதான். அந்தப் பணம்தான் சிற்பத்துக்குத் தேவையான நிதானத்தைத் தருகிறது. கேலரி மூலம் விற்றால் விலையில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை அவர்களுக்குப் போகும். இடம், விளம்பரம், வாங்குகிறவரோடு பேச்சு எல்லாம் அவர்கள் பொறுப்பு என்பதால் அதைக் குறை சொல்லமாட்டேன். கணக்கை மட்டும் முதலிலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சென்னையை அடுத்த சோழமண்டலத்தை மாணவர்களுக்கு அடிக்கடி நினைவூட்டுவேன். 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் மற்ற ஓவியர்களும் அந்தக் கலைக் கிராமத்தைத் தொடங்கியபோது பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் செய்து விற்றுத்தான் தங்களை நடத்திக்கொண்டார்கள். தங்கள் ஓவியத்தை யாருக்காகவும் மாற்றவேண்டியதில்லை என்ற சுதந்திரத்தை அந்தத் துணி வாங்கிக்கொடுத்தது.

எல்லாவற்றையும் நீங்களே செய்கிறீர்களா?

இல்லை. நார் எடுப்பது, கயிறு திரிப்பதில் பாதி, பெரிய வேலைகளில் முடிச்சின் ஒரு பகுதி ஆகியவற்றைக் கூட இருக்கும் அக்காமார்கள் செய்கிறார்கள். முன்னால் பூக்கட்டியவர்களும் கூடை முடைந்தவர்களும். ஒவ்வொருவர் முடிச்சும் வேறு. ஒருவர் இறுக்கிப் போடுவார், ஒருவர் தளர்த்திப் போடுவார், எந்த இடத்தில் யார் கை வேண்டும் என்று பார்த்துக் கொடுப்பேன். கூலி அன்றன்றைக்கு, வேலை விற்கும்வரை காத்திருக்கச் சொல்வதில்லை. கண்காட்சிச் சுவரில் என் பெயருக்குக் கீழே அவர்கள் பெயரும் அதே அளவு எழுத்தில் இருக்கும். நார்க் கலை செய்கிறவர்கள் எல்லாரும் இதைச் செய்யவேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். ஊர்ப் பெண்களின் கைத்திறனை எடுத்துக்கொண்டு 'உள்ளூர்க் கைவினைஞர்கள்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நியாயமில்லை.

இதைப் படிக்க எங்கே போகவேண்டும்?

அச்சோவியத்துக்கு முறையான படிப்பு வேண்டும். 1850இல் தொடங்கிய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது, கும்பகோணத்தில் இன்னொரு அரசுக் கல்லூரி இருக்கிறது. மேற்கொண்டு படிக்க பரோடாவும் சாந்திநிகேதனும். படித்து முடித்த பிறகு பிரஸ் இல்லாமல் தவிப்பவர்கள் சென்னை கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாதெமி மையத்தின் கிராஃபிக்ஸ் பட்டறையை விசாரித்துப் பாருங்கள். நாருக்கு அதோடு கூடக் கயிறு திரிக்கிற ஒருவர் பக்கத்தில் போய் உட்காரவேண்டும். கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால் யோசிப்பார்கள். ஒரு முனையைப் பிடித்துக்கொள்கிறேன் என்றால் உடனே கொடுத்துவிடுவார்கள்.

வாங்கிய வேலையை எப்படிப் பாதுகாப்பது?

நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். நாரும் மஞ்சளாகும், தாளும் மஞ்சளாகும். நார்ச் சிற்பத்தைத் தண்ணீர் விட்டுத் துடைக்காதீர்கள். மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் தூசி தட்டினால் போதும். மழைக்காலத்தில் சுவரில் ஓதம் ஏறினால் சுவரிலிருந்து நகர்த்திக் காற்று படும்படி வையுங்கள். சாதா இரும்பு ஆணியில் மாட்டினால் துரு இறங்கி நாரைக் கறையாக்கும், பித்தளை அல்லது எவர்சில்வர் கொக்கி வாங்குங்கள். கரையான் உள்ள வீடு என்றால் தரையில் நிற்கும் வேலையை வாங்குவதற்கு முன் என்னிடம் சொல்லிவிடுங்கள், அடிப்பகுதி நாரை வெண்கார (போராக்ஸ்) கரைசலில் நனைத்துத் தருவேன்.

அச்சோவியத்தைக் கண்ணாடியோடு ஒட்டி ஃபிரேம் போடக்கூடாது. இடையில் அமிலமில்லாத அட்டை வைத்துக் கொஞ்சம் இடைவெளி விடச் சொல்லுங்கள். பின்னால் செலோடேப் ஒட்டவே கூடாது. ஃபிரேம் கடைக்காரர் தாள் பெரிதாக இருக்கிறது என்று ஓரத்தை வெட்ட வந்தால் தடுத்துவிடுங்கள். தகடு அழுந்திய பள்ளமும் பென்சில் எழுத்தும் அந்த ஓரத்தில்தான் இருக்கின்றன. இராமபாணப் பூச்சிக்கு ஸ்டார்ச் பசை பிடிக்கும், வருடத்துக்கு ஒரு தடவை ஃபிரேமின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

பட்டறையைப் பார்க்க வரலாமா?

தாராளமாக, முன்கூட்டிச் சொல்லிவிட்டு. அமிலக் கரைசல் இருக்கும் அறைக்குள் குழந்தைகளை விடமாட்டேன், நார் அறையில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் இருக்கட்டும், தொட்டுப் பார்க்கட்டும். முடிச்சுப் போட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு நனைத்த நார் வைத்திருப்போம். வீட்டில் பழைய உறியோ பனைநார்ப் பின்னலோ, யார் செய்தது என்று தெரியாத கயிற்று வேலையோ இருந்தால் எடுத்து வாருங்கள். அவிழ்க்காமல் அப்படியே பார்த்து, முடிச்சைப் படமெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவேன்.